காத்தாடியில் பங்கு: தனியாகவா, கம்பெனியோடா, சங்கமாகவா?

போன மாதம் உடுமலைப் பக்கம் ஒரு மில் ஆபீசில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்று பேர் சின்ன நூற்பாலை நடத்துகிறவர்கள். நான் அவர்களுக்குக் கணக்குப் பார்க்கிறவன். மில்லின் கரண்ட் செலவைக் குறைக்கக் காத்தாடியில், அதாவது காற்றாலையில், காசு போடலாமா என்பதுதான் பேச்சு. மேசையில் டீ டம்ளர்களுக்கு நடுவே மூன்று காகிதங்கள் கிடந்தன. ஒன்று, விலைக்கு வந்திருக்கும் பழைய 250 கிலோவாட் காத்தாடி பற்றி ஒரு புரோக்கர் கொடுத்த ஒற்றைத்தாள் விவரம். இரண்டாவது, பல மில்கள் பங்குதாரராகச் சேர்ந்து மின்சாரம் எடுக்கும் 'குரூப் கேப்டிவ்' கம்பெனி ஒன்றின் ஒப்பந்த நகல், தடிமனாக, ஓரத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள்களோடு. மூன்றாவது, ஒரு நூல் பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியது: 'நாமளே ஒரு சங்கம் ஆரம்பிச்சா?'

"நீங்க சொல்லுங்க, எது தேறும்?" என்றார் மில்காரர்களில் மூத்தவர். அன்று பாதிதான் சொன்னேன். மீதியை வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன். இதே கேள்வியோடு பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரத்தில் இன்னும் பல பேர் இருப்பார்கள் என்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

சொந்தக் காத்தாடி

மனசுக்குப் பிடித்தது எல்லோருக்கும் இதுதான். நம் பூமி, நம் மெஷின், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கணக்கை முதலில் பாருங்கள். 250 கிலோவாட் மெஷின் ஆண்டு முழுக்க நிற்காமல் முழு வேகத்தில் சுற்றினால் சுமார் 22 லட்சம் யூனிட் வர வேண்டும். அந்தக் காலத்து மெஷினில் கைக்கு வருவது 4 லட்சத்தை ஒட்டி. அதிலும் பெரும்பகுதி வைகாசியிலிருந்து புரட்டாசிக்குள் வந்துவிடும். தை, மாசியில் காத்தாடி சும்மா நின்று வேடிக்கை பார்க்கும்.

1990-களில் இந்த மெஷின்கள் இங்கே குவிந்ததற்குக் காற்று ஒரு காரணம், வருமான வரி இன்னொரு காரணம். வாங்கிய முதல் வருடமே 100 சதவீதம் தேய்மானம் காட்டலாம், அதாவது மெஷினின் முழு விலையையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. பிறகு அது 80 ஆகி, இப்போது 40 சதவீதத்தில் நிற்கிறது. அன்று வாங்கியவர்களில் பாதிப் பேர் காற்றைப் பார்த்து வாங்கவில்லை, ஆடிட்டரைப் பார்த்து வாங்கினார்கள் என்பது என் அபிப்பிராயம். அப்படி வாங்கியவற்றைத்தான் இப்போது புரோக்கர்கள் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

என் சொந்தக்காரர் ஒருவரின் மெஷினில் ஓர் ஆனி மாதம் கியர் பாக்ஸ் போனது. பராமரிப்புக்கு ஒப்பந்தம் போட்டிருந்த நிறுவனம் அதற்கு முந்தைய வருடமே கடையை மூடியிருந்தது. பழைய மாடலுக்கு உதிரிபாகம் தேட வேண்டும், கிரேன் வர வேண்டும், கிரேன் நிற்கப் பாதை வேண்டும், பாதைக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் சம்மதிக்க வேண்டும். எல்லாம் கூடி வந்து மெஷின் திரும்பச் சுற்றியபோது ஆவணி பாதி கழிந்திருந்தது. ஒரே மெஷின் வைத்திருப்பவருக்கு ஆனி, ஆடி போனால் அந்த வருடமே போன மாதிரி. பத்து மெஷினில் பங்கு இருப்பவருக்கு அது பத்தில் ஒரு பங்கு நஷ்டம். தனி மெஷினுக்கு எதிராக என்னிடம் இருக்கும் பெரிய வாதம் இதுதான்.

குரூப் கேப்டிவ்

மின்சாரச் சட்டத்தின் கீழ் வந்த 2005 விதிகள்படி, ஒரு மின் நிலையத்தின் உரிமையில் குறைந்தது 26 சதவீதம் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறவர்களிடம் இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் இருந்தால் அது 'கேப்டிவ்', அதாவது சொந்த உபயோகம். மின்வாரியத்தை விட்டு வெளியே மின்சாரம் வாங்குகிறவர் கட்டும் கூடுதல் கட்டணமான கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் கட்ட வேண்டாம். லாபமே அந்தக் கட்டணம் மிச்சமாவதில்தான் இருக்கிறது.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது? ஒரு கம்பெனி காத்தாடிகளை நிறுத்தும். 74 சதவீதம் தன்னிடம் வைத்துக்கொண்டு 26 சதவீதத்தை மில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசி, நீண்டகால ஒப்பந்தம் போடும். மில்காரர் போடும் முதல் குறைவு. மெஷின் ரிப்பேர், இன்சூரன்ஸ், பூமித் தகராறு எல்லாம் கம்பெனியின் தலைவலி. காற்று சரியில்லாத வருடத்தில் நமக்கு யூனிட் குறையும், அதை வாரியத்திடம் வாங்கிக்கொள்வோம். போட்ட முதல் திரும்ப வரவில்லையே என்று தூக்கம் கெடுவது கம்பெனிக்காரருக்குத்தான். இதை லேசாக எண்ணக் கூடாது. கடன் வாங்கத் தெம்பில்லாத மில்லுக்கு இது நல்ல வழி என்றே சொல்வேன்.

சரி, சிக்கல் எங்கே? அந்த மஞ்சள் ஒட்டுத்தாள் பக்கங்களில். பல பேர் சேர்ந்து வைத்திருக்கும் நிலையம் என்றால், ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஏற்ற அளவில்தான் மின்சாரம் எடுக்க வேண்டும், 10 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்று அதே விதி சொல்கிறது. இதற்கென்று தனிக் கம்பெனி அமைத்தாலும் இந்த விகிதாசாரத்திலிருந்து தப்ப முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 51-ஐ 26-ஆல் வகுத்தால் 1.96. ஒரு சதவீதம் பங்கு வைத்திருப்பவர் உற்பத்தியில் கிட்டத்தட்ட 1.96 சதவீதம் எடுக்க வேண்டும்.

ஆண்டுக்கு 50 லட்சம் யூனிட் வரும் மெஷினில் உங்களுக்கு 5.2 சதவீதம் பங்கு என்று வையுங்கள். குறைந்தபட்ச அளவின்படி நீங்கள் எடுக்க வேண்டியது 5.1 லட்சம் யூனிட். 4.59 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது, 5.61 லட்சத்துக்கு மேலும் போகக் கூடாது. நூல் விலை விழுந்து இரண்டு மாதம் மில்லை நிறுத்தினால்? நீங்கள் எடுக்காததைப் பக்கத்து மில் எடுத்துக்கொண்டு கணக்கை நேர் செய்ய முடியாது. மொத்த உபயோகம் 51 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த வருடம் முழுக்க அந்த நிலையம் கேப்டிவே இல்லை என்று ஆகி, சர்சார்ஜ் எல்லோர் தலையிலும் விழும். யாரோ ஒருவர் மில்லை மூடியதற்கு ஒழுங்காக ஓட்டியவரும் கட்டுவார்.

அப்புறம் ஓட்டு. 26 சதவீதம் வைத்திருப்பவர்கள் ஒன்றாகக் கை தூக்கினாலும் 74-ஐத் தாண்ட முடியாது. விலகும்போது பங்கின் முகமதிப்புதான் திரும்ப வரும் என்றும் பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். எனவே அதைப் பங்கு என்று சொல்வதைவிட, சட்டத்துக்காகப் பங்கு என்று பெயர் வைத்த டெபாசிட் என்பதே பொருத்தம்.

சங்கம்

நூல் பில்லின் பின்பக்கத்தில் எழுதிய யோசனையை மற்ற இரண்டு பேரும் சிரித்துத் தள்ளினார்கள். "சொசைட்டியா? ஆளை விடுங்க!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே 2005 விதியில் ஒரு வரி இருக்கிறது: பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம் மின் நிலையம் அமைத்தால், அந்த 26-ஐயும் 51-ஐயும் உறுப்பினர்கள் மொத்தமாகச் சேர்ந்து நிறைவு செய்தால் போதும். ஆளாளுக்கு விகிதாசாரம் கேட்கும் வரி சங்கத்துக்கு எழுதப்படவில்லை. ஒரு மில் நின்றால் இன்னொரு மில் அந்த யூனிட்டை இழுத்துக்கொள்ளலாம். மூன்று ஷிப்டு ஓடுகிறவரும் ஒரு ஷிப்டு ஓடுகிறவரும் ஒரே சங்கத்தில் இருக்கலாம். நூற்பாலைத் தொழிலின் ஏற்ற இறக்கம் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் மதிப்பு புரியும்.

கூட்டுறவுக் காத்தாடி எப்படி இருக்கும் என்று பார்க்க டென்மார்க்குக்குத்தான் போக வேண்டும். அங்கே கூட்டுறவுப் பழக்கம் பால் பண்ணைகளில் வேரூன்றியது. 1882-இல் யெடிங் (Hjedding) என்ற ஊரில் விவசாயிகள் சேர்ந்து முதல் கூட்டுறவுப் பால் பண்ணை ஆரம்பித்தார்கள். நூறு வருடம் கழித்து அதே பழக்கத்தில் ஊர்க்காரர்கள் காசு சேர்த்துக் காத்தாடி நிறுத்தினார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஏதாவது ஒரு காத்தாடிச் சங்கத்தில் இருந்தன.

அவற்றில் பெரியது கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே, கடலுக்குள் மூன்றரை கிலோமீட்டரில் இருக்கும் மிடில்குருண்டன். ஒவ்வொன்றும் 2 மெகாவாட் வீதம் 20 மெஷின். 2000-இல் நிறுத்தினார்கள். பத்து மெஷின் நகரத்து மின் நிறுவனத்துக்கு, பத்து மெஷின் சங்கத்துக்கு. சங்கத்தில் எட்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், 40,500 பங்குகள், ஒரு பங்கு 4,250 குரோனர்.

எனக்கு அதில் பிடித்தது பங்கை எழுதிய விதம். ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 1,000 யூனிட் மின்சாரம். முதலில் யூனிட்டை வைத்துக்கொண்டு, அதற்கு என்ன விலை என்று பார்த்தார்கள். வீட்டில் வருடத்துக்கு 4,000 யூனிட் செலவு செய்கிற குடும்பம் நான்கு பங்கு வாங்கினால் கணக்குச் சரி. அந்த மின்சாரம் கம்பியில் நேராக அவர்கள் வீட்டுக்கு வராது. கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கம்பி வலைக்குப் போகும், விற்ற காசைப் பங்குக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். டென்மார்க்கில் ஆரம்ப காலத்தில் மெஷின் நிற்கும் பகுதியில் குடியிருப்பவர்தான் பங்கு வாங்கலாம், அதுவும் வீட்டின் மின்செலவை ஒட்டித்தான் வாங்கலாம் என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். பணக்காரர் ஒருவர் மொத்தமாக வளைத்துப் போட அதில் வழியில்லை. மிடில்குருண்டனில் எத்தனை பங்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான்.

நம் ஊர்ப் பால் சொசைட்டியை நினைத்துப் பாருங்கள். வருடக் கடைசியில் போனஸ் எப்படிப் பிரிக்கிறார்கள்? யார் எவ்வளவு பால் ஊற்றினார் என்ற கணக்கில். பத்து மாடு வைத்திருப்பவருக்குப் போனஸ் அதிகம், ஆனால் ஓட்டு ஒன்றுதான். காத்தாடிச் சங்கத்தில் பால் கேனுக்குப் பதில் மீட்டர், அவ்வளவுதான். லாபத்தை யூனிட் கணக்கிலும் அதிகாரத்தை ஆள் கணக்கிலும் பிரிப்பது என்ற இந்த ஏற்பாடு மற்ற இரண்டு காகிதத்திலும் இல்லை.

உறுப்பினர் பேச்சுக்கு மதிப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் மிடில்குருண்டன் சாட்சி. முதல் திட்டத்தில் 27 மெஷின், மூன்று வரிசை. நகரத்துக் கரையிலிருந்து பார்க்க நன்றாக இல்லை என்று மக்கள் சொன்னதும் அதை 20 ஆக்கி, ஒரே வளைவாக மாற்றினார்கள். ஏழு மெஷின் குறைந்தது. ஆனால் ஊரே எதிர்த்து கோர்ட்டுக்குப் போகிற நிலைமை வரவில்லை. நம் பக்கத்தில் பாதைக்கும் கம்பத்துக்கும் எத்தனை தோட்டங்களில் தகராறு ஓடுகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே நாட்டில் சாம்சோ தீவிலும் இப்படித்தான். கரையில் 11 மெஷின் நிறுத்தியபோது ஒன்பதை உள்ளூர் விவசாயிகளே வாங்கினார்கள், இரண்டைச் சங்கங்கள் வாங்கின. தன் காசு சுற்றுகிற சத்தம் தூக்கத்தைக் கெடுக்காது போலிருக்கிறது.

அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. மெஷின்கள் பெரிதாகப் பெரிதாக ஊர்க்காரர் காசு எட்டவில்லை, கம்பெனிகள் உள்ளே வந்தன. 2009 முதல், நாலரை கிலோமீட்டர் சுற்றளவில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து 20 சதவீதம் பங்கை உள்ளூரில் விற்க வேண்டும் என்று சட்டமே போட வேண்டியிருந்தது. 2020-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு சேதி பிரிட்டனிலிருந்து. அங்கே ரிப்பிள் என்ற நிறுவனம் ஆட்களைச் சேர்த்து, தெற்கு வேல்ஸில் கிரெய்க் ஃபாத்தா என்ற ஒற்றை மெஷினைச் சங்கத்தின் பெயரில் நிறுத்திக் கொடுத்தது. 2022-இல் அது ஓட ஆரம்பித்தது. 900 பேருக்குக் கொஞ்சம் மேல் உறுப்பினர்கள், லாபம் அவரவர் கரண்ட் பில்லில் கழிந்து வந்தது. 2025-இல் ரிப்பிள் நொடித்தது. ஆனால் காத்தாடி ரிப்பிளுடையது இல்லை, சங்கத்துடையது. ஆகவே ரிப்பிளின் கடன்காரர் வந்து காத்தாடியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சங்கம் அமைந்தால் அதன் பைலாவில் முதல் வரியாக இதைப் போடச் சொல்லியிருக்கிறேன்: நிர்வாகத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், பூமிப் பத்திரமும் மெஷினும் சங்கத்தின் பெயரில்.

இப்போது அந்த "ஆளை விடுங்க"வுக்கு வருவோம். அந்தப் பயம் பொய்யில்லை. தமிழ்நாட்டில் கூட்டுறவு நூற்பாலைகள் எத்தனை மூடிக் கிடக்கின்றன என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் கையில் வருடக்கணக்கில் கிடந்த சங்கங்களும் உண்டு. பதிவாளர் அலுவலகத்துக்கு நடக்கக் கால் வேண்டும், பொறுமை வேண்டும். டென்மார்க் சங்கங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மிடில்குருண்டனே சட்டப்படி ஒரு கூட்டாண்மை. அதில் ஒவ்வொருவரும் மொத்தக் கடனுக்கும் பொறுப்பு என்ற ஆபத்து இருப்பதால், சங்கம் கடனே வாங்கக் கூடாது என்று விதியில் எழுதி வைத்தார்கள். கடன் தேவைப்பட்டவர் பங்கை ஈடு காட்டித் தனியாக பேங்கில் வாங்கிக்கொண்டார். அந்த ஏற்பாட்டை இங்கே அப்படியே காப்பியடிக்க முடியாது. நம் சட்டத்தில் சலுகை 'பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம்' என்ற சொல்லுக்குத்தான் கிடைக்கிறது. ஆனால் சங்கத்துக்குக் கடன் கூடாது, வாங்க வேண்டியவர் அவரவர் பெயரில் வாங்கட்டும் என்பதை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்கு வடமேற்கே லியோனார்ட்ஸ் ஹில் என்ற இடத்தில் ஹெப்பர்ன் விண்ட் சங்கம் இரண்டே மெஷினில் 2011 முதல் ஓடுகிறது. மொத்தம் 4.1 மெகாவாட், ஏறக்குறைய 2,000 உறுப்பினர்கள். பத்து, பதினைந்து சின்ன மில்கள் சேர்ந்தால் எட்டக்கூடிய அளவு.

எச்.டி. இல்லாதவர்கள்

இந்தக் கணக்கெல்லாம் எச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்பு உள்ளவர்களுக்கு. வீட்டுக்காரர், சின்னக் கடைக்காரர் என்றால் கூரையில் சோலார் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஊராட்சிக்கு வேறு வழி இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காத்தாடி ஒன்றை மைவாடியில் வாங்கி நிறுத்தியது. விலை 1.55 கோடி. அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி பேங்க் கடன். ஆண்டுக்கு ஆறேமுக்கால் லட்சம் யூனிட்டுக்குக் குறையாமல் வரும், ஊராட்சியின் தேவை நாலரை லட்சத்தை ஒட்டி, மிச்சம் விற்பனை என்ற கணக்கில் ஓடியது. அங்கே ஓட்டுரிமை உள்ள எல்லோரும் உறுப்பினர் என்று வைத்துக்கொண்டால், இந்த வட்டாரத்தில் சங்கம் என்ற யோசனைக்கு மிக அருகில் வந்தது ஓடந்துறைதான். ஆனால் அதற்கு முனைப்பான ஒரு தலைவரும் கையிருப்பும் வேண்டும்.

நாங்கள் எங்கே நிற்கிறோம்

அந்த மேசையில் இருந்த மூன்று பேருக்கும் ஒரே பதில் சரிப்படவில்லை. கடன் ஏற்கெனவே கழுத்துவரை இருக்கும் இளையவருக்கு குரூப் கேப்டிவ்தான் சொன்னேன். ஆனால் பங்கை அவர் மில் மந்தமாக ஓடுகிற வருடத்து உபயோகத்துக்கு அளந்து வாங்கச் சொன்னேன். நன்றாக ஓடுகிற வருடத்தை வைத்து வாங்கினால் அந்த 4.59 லட்சம் மாதிரிக் கோடு ஒருநாள் கழுத்தைப் பிடிக்கும். பழைய 250 கிலோவாட் மெஷினை யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. அந்த இடத்தின் காற்று நல்ல காற்று, மெஷின்தான் கிழடு. பூமியோடு மலிவாக வந்தால் சங்கம் வாங்கிப் புது மெஷின் போடலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது.

மற்ற இரண்டு பேரும் சங்கத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள், பாதி மனதோடு. அவர்களைத் தயங்க வைப்பது பேங்கிங். சீசனில் உபரியாக வருகிற யூனிட்டை வாரியக் கணக்கில் சேர்த்து வைத்து, காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளும் வசதி பழைய மெஷின்களுக்கு உண்டு. புது மெஷின்களுக்கு அது எந்த அளவுக்கு என்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திலும் கோர்ட்டிலும் பல வருடமாக இழுபடும் சமாச்சாரம். பேங்கிங் இல்லாவிட்டால் ஆடியில் வருகிற யூனிட்டை ஆடியிலேயே தீர்க்க வேண்டும், அப்போது பெரிய மெஷினில் பங்கு வாங்குவது வீண். கையெழுத்துப் போடுகிற வாரத்தில் நடப்பில் இருக்கும் ஆணையை எடுத்துப் படிக்காமல் யாரும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

"எல்லாம் சரிங்க, மாசம் எவ்வளவு வரும்?" என்று கடைசியில் மூத்தவர் கேட்டார். மாசம் ஒன்றும் வராது, வருடத்துக்குத்தான் வரும், அதுவும் ரூபாயாக இல்லை, யூனிட்டாக என்றேன். அவர் நூல் பில்லைத் திருப்பி, போன வருடத்து பன்னிரண்டு மாத யூனிட்டையும் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். பங்குனி எண்ணில் பேனா நின்றது, அந்த மாதம் மில் பத்து நாள் ஓடவில்லை. வியாழக்கிழமை கேத்தனூர் பக்கம் பூமி பார்க்கப் போகிறோம்.